இருபத்தோரு வாய்

அரியலூரில் இருபத்தோரு குழந்தைகள் சேர்ந்து ஒரு தலைமையாசிரியையை முழுசாக விழுங்கி ஏப்பம் விட்டன. ஒன்றுக்குக்கூட மூன்று வயது முடியவில்லை. பட்டுச்சேலை, கொண்டை, கொண்டையைச் சுற்றியிருந்த மல்லிகை, பி.எட். பட்டம் எல்லாம் உள்ளே போய்விட்டன. மிச்சம் கிடந்தது ஒரு ஜோடி செருப்பும் ஒரு மைக்கும்தான்.

இதை ரீனா தன் புருஷனிடம் சொன்னபோது, அவன் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பறம் தண்ணி குடிச்சுதுங்களா?" என்று கேட்டான்.

சகாய ஆனந்த் அப்படித்தான். சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டான். "நான் முழுகாம இருக்கேன்" என்று ரீனா வெட்கப்பட்டுச் சொன்ன அன்றைக்கு, "ஸ்கேன் வரட்டும்" என்றவன். ஸ்கேன் வந்தது. "இது உன்னுதுதானா, கம்ப்யூட்டர்ல மாறிப்போச்சா?" என்றான். ரீனா வேலை பார்ப்பதே ஸ்கேன் சென்டரில்தான். கடைசியில் டேவிட்ராஜ் பிறந்து, பல் முளைத்து, அப்பன் காதைக் கடித்து ரத்தம் வரவைத்த பிறகுதான் தனக்கு ஒரு மகன் இருப்பதை அவன் முழுமனதாக ஏற்றுக்கொண்டான்.

ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் குட்டிப்பாதம் மழலையர் பள்ளி. மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளையைச் சாயங்காலம் வரைக்கும் வைத்துக்கொள்ள ரீனா தேடிய தேடலில் அகப்பட்ட ஒரே இடம் அது. அம்மா வரதராசன்பேட்டையில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள், வர முடியாது. மாமியார் கல்லறையில் இருந்தார். ஸ்கேன் சென்டர் டாக்டரோ, "புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தீங்கன்னா அப்படியே வூட்டுக்குப் போயிடலாம்" என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆக, குட்டிப்பாதத்தில் டேவிட்டுக்கு இடம் இருக்கிற வரைக்கும்தான் ரீனாவுக்கு வேலை.

குட்டிப்பாதத்தின் தலைமையாசிரியை வெற்றிச்செல்வி மிஸ். பெரம்பலூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். அவருக்குக் கைப்பேசி என்றால் ஆகாது. அவர் வருகிற சாலையில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஆகாயத்தைப் பார்ப்பார்களாம்.

காலையில் பள்ளி வாசலிலேயே ஒரு பரீட்சை. மிஸ் ஒரு படப்புத்தகத்தைக் குழந்தைக்கு முன்னால் பிரித்து வைப்பார். யானைப் படம். பக்கத்தைப் புரட்டுகிற குழந்தை உள்ளே போகலாம். யானையின் மேல் விரலை வைத்து ஒரு பக்கமாகத் தள்ளுகிற குழந்தையின் சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்தப்படும். அதன் அம்மா, பிரேயர் மணி அடிக்கும் வரை வாசலில் நின்று, "என் குழந்தையை நானே கெடுக்கிறேன்" என்று வருகிறவர் போகிறவர் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அப்பாக்களுக்கு விலக்கு உண்டு. "அவங்க பாவம், வேலைக்குப் போறவங்க" என்பார் மிஸ், வேலைக்குப் போகிற அவசரத்தில் ஸ்கேன் சென்டர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் ரீனாவைப் பார்த்து.

டேவிட் மாட்டிய நாளில் பேச்சு இப்படிப் போனது.

"ரீனா மேடம், உங்க பையன் யானையத் தள்ளுறான்."

"யானையவா மிஸ்?"

"படத்துல. விரல வெச்சு ஒதுக்கிப் பாக்குறான். அது போவலன்னதும் ரெண்டு விரல வெச்சுப் பெருசாக்குறான். வூட்டுல எவ்வளவு நேரம் போன் குடுக்குறீங்க?"

"நான் குளிக்கப் போறப்ப மட்டும்தான் மிஸ். பத்து நிமிசம்."

"அப்ப குளிக்காதீங்க."

வரிசையில் நின்ற அம்மாக்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதில் பலமாகச் சிரித்தவள் மறுநாள் மாட்டினாள். அன்றைக்கு ரீனா சிரித்தாள். அவளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

"சாப்பாடு எப்படி?" என்று மிஸ் அடுத்த கேள்வியைப் போட்டார்.

"வூட்டுல ஒரு வாய் வாங்க மாட்டேங்கறான் மிஸ். ஒரு இட்லிய ஊட்டி முடிக்கறதுக்குள்ள எனக்கு இடுப்பு போயிடுது."

"இங்க தட்டு காலி. போன் கிடையாது, டிவி கிடையாது. எப்படின்னு கேளுங்க."

"எப்படி மிஸ்?"

"அன்பா ஊட்டுனா சாப்பிடும். உங்ககிட்ட அன்பு பத்தல."

ரீனா அன்றைக்கு ராத்திரி இருக்கிற அன்பையெல்லாம் திரட்டி ஊட்டிப் பார்த்தாள். டேவிட் வாயை இறுக மூடிக்கொண்டான். பிறகு தத்தித்தத்திப் போய்க் குழம்புச் சட்டியை மூடியிருந்த தட்டத்தை எடுத்துவந்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். அவள் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். உடனே சின்ன விரலால் இமையைக் கெல்லித் திறந்தான். இதை அவன் கொஞ்ச நாளாகவே செய்துகொண்டிருந்தான். பிள்ளைக்குத் தன் கண்ணின் மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்து ரீனா அவனை முத்தமிட்டாள்.

அந்த வாரம் மிஸ் வாசலில் வைத்தே அறிவித்தார். ஆண்டு விழாவில் இந்தத் தடவை ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லை.

"மேடையில ரெண்டு ஸ்டூல் போடுவேன். ஒண்ணுல லட்டு, ஒண்ணுல போன். உங்க புள்ள எதுக்குப் போவுதுன்னு ஊரே பாக்கட்டும். லட்டுக்குப் போனா நீங்க நல்ல தாய். போனுக்குப் போனா, திங்கக்கிழமை வேற இடம் பாத்துக்கங்க. எனக்கு வெயிட்டிங்குல நிறைய பேர் இருக்காங்க."

ரீனா அன்றைக்கு முழுவதும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். டேவிட் லட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். போனைப் பார்த்தால் குப்புறக் கிடந்தவன் எழுந்து ஓடிவருவான். மேடையில் எதற்குப் போவான் என்பதில் சந்தேகமே இல்லை.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி தோன்றியது. அவனுக்குத் தாய்ப்பால் மறக்கடித்தது வேப்பிலையால்தான். அரைத்து மார்பில் தடவி, ஒரு வாரத்தில் காரியம் முடிந்தது. பாலை மறந்தவன் போனை மறக்கமாட்டானா?

கைநிறைய வேப்பிலை பறித்து வந்து மைபோல அரைத்தாள். போனின் முகத்திலும் முதுகிலும் விளிம்பிலும் வழித்துத் தடவினாள். காய்ந்ததும் அவன் கண்ணில் படுகிற மாதிரிப் பாயில் வைத்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

அவன் ஆசையாக ஓடிவந்து எடுத்தான். நாலு தட்டு தட்டினான். பழக்கம் போலக் கட்டைவிரலை வாயில் வைத்தான். முகம் பிழிந்த துணி மாதிரி ஆனது. அழுதான். அழுதுவிட்டு மறுபடி தட்டினான், மறுபடி வைத்தான், மறுபடி அழுதான். ரீனா வெளியே வரவே இல்லை. சில நாளில் போன் அடித்தாலே கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. போனுக்கும் சேதம்தான். வேப்பஞ்சாறு உள்ளே இறங்கி, பேசுகிறவர்கள் எல்லாரும் கிணற்றுக்குள் விழுந்தவர்கள் மாதிரிப் பேசினார்கள்.

ஒருநாள் சகாய ஆனந்த் பாடாலூர் டீக்கடையில் லாரியை நிறுத்திவிட்டு வீடியோவில் கூப்பிட்டான்.

"டேய் டேவிட்டு! அப்பா டா, இங்க பாரு!"

டேவிட் அலறியதில் பக்கத்து வீட்டுக் கோழி கூடையை விட்டு ஓடியது. தலையணையை இழுத்துவந்து அப்பன் முகத்தின் மேல் போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"என்னடி பண்ணுன புள்ளைய?" என்றது தலையணைக்கு அடியிலிருந்து கிணற்றுக்குரல்.

"வளக்கறேன்" என்றாள் ரீனா.

ரகசியத்தை ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். அது போதாதா? ஆண்டு விழா நெருங்குவதற்குள் அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் வரைக்கும் வேப்பமரங்கள் மொட்டையாக நின்றன. ஆடுகள் பட்டினி. வேப்பிலை அகப்படாதவர்கள் சொந்த மூளையைச் செலவழித்தார்கள். ஒருத்தி செத்த பல்லியைப் போன் உறைக்குள் வைத்துப் பிள்ளை கையில் கொடுத்தாள். முட்டைக்கடை தமிழ்மாறன் மிளகாய்த்தூளைத் தூவினான். அவன் மகள் அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்து, இரண்டு கண்ணும் வீங்கி, வழி தெரியாமல் சுவரில் முட்டினாள். "இப்ப போன வெச்சாக்கூட அவளுக்குத் தெரியாது மிஸ்" என்று வாசலில் பெருமையாகச் சொன்னான். மிஸ் அவனைத் தட்டிக்கொடுத்தார்.

விழா நாள் வந்தது. வாசலில் வெங்காயக் கூடை ஒன்றை வைத்து, பெற்றோரின் போன்களை எல்லாம் அதில் போடச் சொன்னார்கள். ஒருவரிடமும் ஒன்றும் மிச்சமில்லை. சிறப்பு விருந்தினர் முத்தமிழ்செல்வனுக்கு மட்டும் விலக்கு. அவர் பெரம்பலூர்ப் பெற்றோர் சங்கத் தலைவர், அவருடையது முக்கியமான போன். மிஸ் செருப்பை மேடைக்குக் கீழே கழற்றிவிட்டு ஏறிக் குத்துவிளக்கு ஏற்றினார். தன் கைப்பையை நாற்காலியில் மாட்டினார். விருந்தினர், கைப்பேசி குழந்தைகளின் மூளையை அரிக்கிறது என்று பேசினார். பேச்சுக்கு நடுவில் இரண்டு தடவை திரும்பி நின்று, "மீட்டிங்ல இருக்கேன், அப்பறம் பேசுறேன்" என்றார்.

பிறகு ஸ்டூல்கள் வந்தன. குழந்தைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார்கள். முதல் குழந்தை போனைப் பார்த்து வீறிட்டுக்கொண்டு லட்டின் மேல் விழுந்தது. கைதட்டல். இரண்டாவது, போனைப் பார்த்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டு லட்டுக்கு ஓடியது. அதற்கு இன்னும் பலத்த கைதட்டல். தமிழ்மாறன் மகள் மோப்பம் பிடித்தே லட்டைக் கண்டுபிடித்தாள். இருபது குழந்தைகள் போயாயிற்று. ஒன்றுகூடப் போன் பக்கம் தலைவைக்கவில்லை.

மிஸ் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் முகமோ பந்தியில் இலை கிடைக்காதவர் முகம் போலிருந்தது. ஒரே ஒரு தாயையாவது மேடையேற்றி நாலு கேள்வி கேட்காமல் இவ்வளவு பெரிய விழா எதற்கு? மீதி இருந்தவன் டேவிட் ஒருவன்தான்.

மிஸ் மைக்கும் கையுமாகப் போன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். "வாடா தங்கம், இங்க பாரு, என்ன அழகா போனு! வா, எடுத்துக்க!" என்று கொஞ்சிக் கூப்பிட்டார்.

கீழே ரீனா கண்ணை மூடிக்கொண்டாள். "அடைக்கல மாதாவே, என் வேலையக் காப்பாத்து. ஏலாக்குறிச்சிக்கு நடந்தே வரேன்." பஸ்ஸில் வந்தால் போதுமா என்பதைப் பிற்பாடு மாதாவிடம் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள்.

டேவிட் போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். லட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பினான். மிஸ்ஸைத் தாண்டி நேராக நாற்காலிக்குப் போனான். மாட்டியிருந்த கைப்பையை இழுத்துத் தள்ளி, உள்ளே கையை விட்டு, ரோஸ் உறை போட்ட ஒரு டேப் கணினியை வெளியே எடுத்தான். கைப்பேசியை எதிர்த்து மிஸ் பேச வேண்டிய பேச்சு முழுதும் அதில்தான் இருந்தது. கடைசி நிமிஷம் வரைக்கும் மனப்பாடம் செய்வதற்காக வைத்திருந்தார். அவன் அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, மண்டியிட்டிருந்த மிஸ்ஸின் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

மிஸ் படக்கென்று கண்ணை மூடிக்கொண்டார்.

"மிஸ், கண்ணு" என்றான் டேவிட் பொறுமையாக. அவர் திறக்கவில்லை. அவன் சின்ன விரலால் இமையைக் கெல்லித் திறந்தான்.

கீழே ரீனாவுக்குக் குழம்புச் சட்டித் தட்டம் நினைவுக்கு வந்தது.

டேப் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தது. திறந்துகொண்டது. டேவிட் தட்ட வேண்டிய இடத்தில் தட்டினான். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கி, மிஸ் கையிலிருந்த மைக் வழியாக ஸ்பீக்கருக்குப் போய்த் தெருமுனை வரைக்கும் கேட்டது.

*குண்டு ஆனை வந்தானே, கூடை நிறையத் தின்னானே...*

அழுதுகொண்டிருந்த குழந்தை பாதி அழுகையில் நிறுத்தியது. ஓடிய குழந்தை நின்றது. இருபத்தோரு தலைகள் ஒரே பக்கம் திரும்பின. இருபத்தோரு வாய்கள் ஆவென்று திறந்தன. தமிழ்மாறன் மகளுக்குக் கண்தான் திறக்கவில்லை, வாய் அண்டா மாதிரித் திறந்திருந்தது. ஒரு குழந்தையும் அசையவில்லை. ஒன்றும் கண் சிமிட்டவில்லை. திறந்த வாயின் ஓரத்தில் எச்சில் வழிந்தது. அதைக்கூட எந்தக் குழந்தையும் துடைக்கவில்லை.

அந்த நேரத்தில் அடுப்படிக் கதவு திறந்தது. ஆயா உண்ணாமலை விருந்துக்குத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தவள். பாட்டு காதில் விழுந்ததும், என்ன ஏது என்று யோசிக்காமல் கால்கள் தாமாக நடந்தன. இடுப்பில் குண்டான், கையில் ஒரு ஸ்பூன். வரிசையின் முதல் வாயில் ஒரு ஸ்பூன் போட்டாள். அடுத்த வாய். அதற்கு அடுத்த வாய். நெல் நாற்று நடுகிற வேகம். போட்டதும் மூடின, மென்றன, விழுங்கின, திறந்தன. வரிசைக் கடைசியில் ஆச்சரியத்தில் பிளந்துகொண்டிருந்த சிறப்பு விருந்தினரின் வாயிலும் ஒரு ஸ்பூன் போட்டாள். அவரும் விழுங்கினார்.

முதலில் வாய் திறந்தவன் தமிழ்மாறன்தான்.

"எல்லாத்துக்கும் ஒரே ஸ்பூனா?"

அதோடு கூரை பறந்தது. அம்மாக்கள் மேடையேறினார்கள். ரீனா மற்றவர்களை முந்திக்கொண்டு போனாள்.

"அன்பா ஊட்டுனா சாப்பிடும்னீங்களே மிஸ்?"

"இது... இது கல்விப் பாட்டு. அதுவும் எனக்குத் தெரியாது! எல்லாம் இந்த ஆயா பண்ணுன வேலை!"

உண்ணாமலை அப்போதுதான் தூக்கத்திலிருந்து விழித்தவள் மாதிரிக் கூட்டத்தைப் பார்த்தாள். பாட்டு முடிந்து டேப் அணைந்திருந்தது. டேவிட் உதவியாக அதை அவள் முகத்துக்கு நேராகவும் நீட்டினான். அது திறக்கவில்லை.

"என் மூஞ்சிக்கா தொறக்குது அது?" என்றாள் உண்ணாமலை. "நான் ஒருத்தி, வாய் இருபத்தொண்ணு. வேற எப்படி ஊட்டுறது? உங்க ஒருத்தனுக்கே உங்களால முடியலேல்ல?"

எல்லாரும் மிஸ் பக்கம் திரும்பினார்கள். மிஸ் மைக்கைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்காலோடு இறங்கி, ஸ்கூட்டரை மிதித்து, பெரம்பலூர் போய்த்தான் நிறுத்தினார்.

திங்கட்கிழமை காலையில் குட்டிப்பாதம் வாசலில் இருபத்தோரு பெற்றோரும் வந்து நின்றார்கள். பிள்ளையை வேறெங்கே விடுவது? மிஸ்ஸும் வந்திருந்தார். வாசலில் யானைப் புத்தகம் இல்லை. ரிப்பன் இல்லை. தலையைக் குனிந்து, "வாங்க" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். உண்ணாமலையை மட்டும் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். பெற்றோர் எல்லாரும் ஒரே குரலாகக் கேட்டது அது ஒன்றைத்தான்: அந்த ஸ்பூனுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். புது ஆயா மூன்று ஸ்பூனோடு வந்திருந்தாள்.

பிள்ளையை உள்ளே விட்ட பிறகு தமிழ்மாறன் மட்டும் போகாமல் நின்றான். அக்கம்பக்கம் பார்த்தான். "மிஸ், அந்தக் குண்டு ஆனைப் பாட்டு... நம்ம நம்பருக்கு அனுப்பிவுடுறீங்களா?" அவனுக்குப் பின்னால் பல்லிக்காரி. அவளுக்குப் பின்னால் வரிசை. கடைசியில் ரீனாவும் நின்றாள். அவள் முறை வரும்போது மிஸ்ஸின் பழைய சிரிப்பு பாதி திரும்பியிருந்தது.

"வூட்டுல ஒரு வாய் வாங்க மாட்டேங்கறான் மிஸ்" என்றாள் ரீனா, தரையைப் பார்த்து.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் சகாய ஆனந்த், தண்ணீர் குடித்தனவா என்று கேட்டான்.

"சத்தியமா நடந்துச்சுங்க."

"ஒருத்தர்கூடவா வீடியோ எடுக்கல?"

"அதான் எல்லார் போனையும் கூடைல வாங்கி வெச்சுட்டாங்கன்னு சொன்னேனே."

"அதானே பாத்தேன்!" அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். "குழந்தைங்க பாட்டுக் கேட்டதும் வாயத் தொறந்துச்சுங்களாம், ஆயா ஊட்டிக்கிட்டே போனாளாம், தலைவரு வாயிலயும் போட்டாளாம். ஏ ரீனா, ஸ்கேன் சென்டர்ல உனக்கு வேலையே இல்லியா?"

ரீனா போனை எடுத்தாள். அதைப் பார்த்ததும் டேவிட் சிலிண்டருக்குப் பின்னால் பாய்ந்தான். அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துப் பாட்டைத் தட்டிவிட்டாள். குண்டு ஆனை கிணற்றுக்குள்ளிருந்து வந்தான்.

சிலிண்டருக்குப் பின்னாலிருந்து டேவிட் வெளியே வந்தான். நடுக்கூடத்தில் நின்றான். வாயைத் திறந்தான்.

"அட!" என்று சிரித்த சகாய ஆனந்த், தன் தட்டிலிருந்து ஒரு உருண்டை சாம்பார் சோற்றை அந்த வாயில் வைத்தான். டேவிட் மென்றான், விழுங்கினான், திறந்தான். இன்னொரு உருண்டை. அதுவும் போயிற்று. லட்டைத் துப்புகிறவன், பாகற்காய்த் துண்டை மென்று முழுங்கினான். சகாய ஆனந்துக்கு விளையாட்டு ருசித்தது. அம்மிமேல் காய்ந்து கிடந்த வேப்பிலையில் ஒரு கொத்தைக் கிள்ளி உள்ளே வைத்தான்.

டேவிட் மென்றான். முகம் சுளிக்கவில்லை. விழுங்கிவிட்டு மறுபடி திறந்தான். நாக்கு பச்சையாக இருந்தது.

சகாய ஆனந்தின் சிரிப்பு நின்றது. "டேய் டேவிட்டு" என்றான். "அப்பா வந்திருக்கேன்டா. இங்க பாரு." முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினான். தோளைப் பிடித்துக் குலுக்கினான். பிள்ளையின் கண்கள் அப்பன் முகத்தைத் தாண்டிச் சுவரில் ஒன்றுமில்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாய் திறந்தபடியே இருந்தது.

"ரீனா, பாட்ட நிறுத்து."

"இருங்க, தட்டுல இன்னும் ரெண்டு வாய்தான் இருக்கு." அவள் அவனைத் தள்ளிவிட்டுச் சுறுசுறுப்பாகச் சோற்றை உருட்டினாள். "இன்னிக்குத்தான் வூட்டுல வயிறாரச் சாப்புடுறான்."

"நிறுத்துடி. நடந்துச்சு... ஒத்துக்கறேன், நீ சொன்னது அம்புட்டும் நடந்துச்சு."